செத்தால் பத்து லட்சம்! காலுக்கு ஒரு பூட்ஸ் இல்லையா?

ஆரணியில் போளூர் பஸ் ஏறி ஜன்னல் ஓரம் உட்கார்ந்தால், மேற்கே நீலமாக ஒரு மலைத்தொடர் தெரியும். ஜவ்வாது மலை! பார்க்க அழகு. சாயங்கால வெயிலில் இன்னும் அழகு.

ஆனால் விடிகாலையில் அந்த மலைக்குள் கூலிக்குப் போகிறவனைக் கேட்டுப் பாருங்கள். அவன் அழகைப் பற்றிப் பேசமாட்டான். கரடியைப் பற்றிப் பேசுவான்!

சமீபத்தில் திருமலைக்குப் போயிருந்தேன். குந்தவை பெயரால் விளங்கும் ஜினாலயம், 16 அடி உயர நேமிநாதர் சிலை எல்லாம் பார்த்துவிட்டு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தேன். பக்கத்தில் ஒரு பெரியவர். வாலிபத்தில் காட்டு வேலைக்குப் போனவராம். கன்று நடக் குழி வெட்டுவது, முள் வெட்டுவது, கோடையில் தீத்தடுப்புக் கோடு போடுவது. எல்லாம் செய்திருக்கிறார்.

"கரடி நம்மளத் தேடி வர்றதில்ல சார். பாறைச் சந்துல படுத்துக்கினு இருக்கும். நாம குனிஞ்ச தலை நிமிராம வேலை செஞ்சிக்கினே கிட்டப் போயிடுவோம். திடீர்னு பாத்தா அதுக்கும் பயம், நமக்கும் பயம். எழுந்து நின்னு ஒரே அடி. மூஞ்சி போச்சு!" என்றார்.

சொல்லிவிட்டு டீயை உறிஞ்சினார். எனக்குத்தான் டீ இறங்கவில்லை.

குற்றவாளி யார்?

பெரியவர் சொன்னது அனுபவம். விலங்கு நிபுணர்கள் சொல்வதும் அதேதான். நம் மலைகளில் உள்ள கரடிக்கு மூக்குதான் கூர்மை. கண் பார்வை மட்டு. கறையான் புற்று, தேன், இலந்தைப் பழம், இலுப்பைப் பூ இவைதான் அதற்குச் சாப்பாடு. மனிதனைத் தின்ன அது வருவதில்லை. புற்றைத் தோண்டத்தான் அந்த நீண்ட நகம். ஆனால் பயந்துபோனால் அதே நகம் மனிதன் முகத்தில் விழுகிறது. முதுகில் குட்டியைச் சுமந்து வரும் தாய்க் கரடி என்றால் கேட்கவே வேண்டாம்.

ஆக, இங்கே குற்றவாளி கரடியும் அல்ல, கூலிக்காரனும் அல்ல. 'திடீர்' என்பதுதான் குற்றவாளி!

பாம்பும் அப்படித்தான். சருகுக்குள் கிடக்கும் சுருட்டை விரியன் தெரியாது. புல்லுக்குள் கிடக்கும் கண்ணாடி விரியன் தெரியாது. மிதித்த பிறகுதான் தெரியும்!

இது ஆரணிக்காரர்களுக்குப் புரியாத விஷயமா? குழித்தறியில் உட்காருகிற நெசவாளி, மழைக்காலத்தில் குழிக்குள் காலை இறக்குமுன் விளக்கைக் காட்டிப் பார்ப்பார். ஒரு நொடி வேலை. அந்த ஒரு நொடி உயிரைக் காப்பாற்றும்.

நெசவாளிக்குக் குழி ஒன்று. காட்டுக் கூலிக்கு மலை முழுவதும் குழி! அத்தனைக்கும் அவன் யாரிடம் விளக்குக் கேட்பான்?

ஊருக்குள் வந்தால் தடபுடல்!

2024 ஜூன் 14-ந்தேதி நினைவிருக்கிறதா? ஜவ்வாது மலைக்கு அந்தப் பக்கம், திருப்பத்தூர் டவுனுக்குள் ஒரு சிறுத்தை புகுந்துவிட்டது. பள்ளிக்கூடத்துக்குள் ஓடியது. ஒருவர் காயம் அடைந்தார். பிறகு கார் நிறுத்தும் இடத்தில் பதுங்கியது. வன இலாகா வந்தது. போலீஸ் வந்தது. கால்நடை டாக்டர், மயக்க ஊசி, கூண்டு எல்லாம் வந்தன. ஊரே கூடிவிட்டது. ராத்திரியோடு ராத்திரியாகச் சிறுத்தையைப் பிடித்தார்கள். நல்ல காரியம். பாராட்டுவோம்!

அதற்கு முன் 2013 ஆகஸ்டில் நம் திருவண்ணாமலை மாவட்டத்தில் சுற்றிய 6 காட்டு யானைகளைக் கும்கி யானைகளை வைத்துப் பிடித்து லாரியில் ஏற்றினார்கள். அதுவும் பெரிய வேலைதான்.

ஆனால் ஒரு கேள்வி. மிருகம் நம் தெருவுக்கு வந்தால் இத்தனை ஏற்பாடு. நம் வேலைக்காக ஒரு மனிதன் மிருகத்தின் தெருவுக்குப் போகிறானே, அவனுக்கு என்ன ஏற்பாடு?

ரப்பர் செருப்பு. கையில் ஒரு கொடுவாள். தூக்குச்சட்டியில் பழைய சோறு. பல பேருக்கு இவ்வளவுதான்!

கன்றுக்குக் கணக்கு உண்டு

2022 செப்டம்பர் 24-ந்தேதி பசுமைத் தமிழ்நாடு இயக்கம் தொடங்கப்பட்டது. 10 ஆண்டுகளில் மாநிலத்தின் பசுமைப் பரப்பை 33 சதவீதமாக உயர்த்துவது என்பது குறி. நல்ல திட்டம். மரம் வேண்டாம் என்று யார் சொல்வார்கள்?

ஆனால் மரம் தானாக முளைத்து வரிசையில் நிற்காது. யாரோ புதரை வெட்ட வேண்டும், குழி தோண்ட வேண்டும், தண்ணீர் சுமக்க வேண்டும். எத்தனை கன்று, எத்தனை குழி என்று கணக்கு இருக்கிறது. எத்தனை ஜோடி கால், அதில் எத்தனை காலுக்கு பூட்ஸ் என்று கணக்கு இருக்கிறதா?

இந்தியாவில் பாம்புக்கடியால் ஆண்டுக்குச் சராசரி 58 ஆயிரம் பேர் இறக்கிறார்கள் என்று 2020-ல் வெளியான ஆய்வு சொல்கிறது. பெரும்பாலும் கிராமத்து மக்கள், உழைக்கும் கைகள். இத்தனைக்கும் விஷமுறிவு மருந்து நம்மிடமே இருக்கிறது. 1978-ல் தொடங்கிய இருளர் கூட்டுறவுச் சங்கம் சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் பாம்பு விஷம் எடுத்துக் கொடுக்கிறது. அதிலிருந்துதான் மருந்து தயாராகிறது. 2024 நவம்பரில் தமிழக அரசு, பாம்புக்கடி கேஸ் வந்தால் ஆஸ்பத்திரிகள் அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டும் என்று உத்தரவு போட்டது. அதுவும் நல்லதே.

ஆனால் மருந்து பாட்டிலில் இருந்து பயன் என்ன? கடிபட்டவன் மருந்து உள்ள இடத்துக்குப் போய்ச் சேர வேண்டாமா?

2023 மே மாதம் வேலூர் மாவட்டம் அல்லேரி மலைப்பகுதியில் நடந்ததை மறக்க முடியுமா? பாம்பு கடித்த ஒன்றரை வயதுக் குழந்தை. சரியான ரோடு இல்லை. ஆஸ்பத்திரி போய்ச் சேருமுன் உயிர் போய்விட்டது. திரும்பும்போது ஆம்புலன்சும் பாதி வழியில் நின்றுவிட்டது. பெற்ற தாய் பிள்ளையின் உடலைச் சுமந்துகொண்டு மலை ஏறினாள். அந்தப் படத்தைப் பார்த்துக் கண் கலங்காதவர் யார்? அதே மாதிரி மலைப்பாதையில்தான் காட்டுக் கூலியும் தினம் நடக்கிறான்.

முகமூடி செய்த அதிசயம்

'காட்டு வேலை என்றால் அப்படித்தான். விதி!' என்று சிலர் கையை விரிக்கலாம். தப்பு! வங்காளத்தைப் பாருங்கள்.

சுந்தரவனக் காட்டில் விறகு வெட்டப் போனவர்களையும் தேன் எடுக்கப் போனவர்களையும் புலி பின்னாலிருந்து அடித்துக்கொண்டிருந்தது. 1986-ல் வன இலாகா ஒரு யோசனை செய்தது. மனித முகம் போட்ட மலிவு விலை முகமூடி. அதைப் பின்மண்டையில் மாட்டிக்கொள்ளச் சொன்னார்கள். பின்னாலும் ஒரு முகம் பார்க்கிறதே என்று புலி தயங்கியது! போகப் போகப் புலி அந்தத் தந்திரத்தைத் தெரிந்துகொண்டது என்பார்கள். இருக்கட்டும். ஆனால் ஆரம்பத்தில் முகமூடி போட்டவர்கள் பிழைத்தார்களே! செலவு என்ன? சில ரூபாய். யோசனைதான் பெரிது.

நம் மலைக்கு முகமூடி தேவையில்லை. முழங்கால் வரை ஒரு ரப்பர் பூட்ஸ். ஒரு டார்ச் லைட். கழுத்தில் ஒரு விசில். புதருக்குள் இறங்குமுன் நாலு தட்டுத் தட்ட ஒரு கம்பு. தனியாக அனுப்பாமல் நாலு பேராக அனுப்புவது. பேசிக்கொண்டே போகச் சொல்வது. சத்தம் கேட்டால் கரடி தானே ஒதுங்கிப் போகும். 'திடீர்' ஒழிந்தால் பாதி ஆபத்து ஒழிந்தது!

சாமான்கள் அத்தனையும் சேர்த்து ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்க்குள் முடியும்.

காட்டு மிருகம் தாக்கி இறந்தால் தரும் தொகையை மத்திய அரசு 2023 டிசம்பரில் 5 லட்சத்திலிருந்து 10 லட்சமாக உயர்த்தியது. வேண்டாம் என்று சொல்லவில்லை. போன உயிருக்கு அந்தக் குடும்பத்துக்கு அதுவாவது வேண்டும். ஆனால் செத்த பிறகு 10 லட்சம் கொடுக்கிற மனசு, சாகாமல் இருக்க ஆயிரம் ரூபாய் கொடுக்கத் தயங்கலாமா?

செய்ய வேண்டியது

வேலை கொடுப்பது சர்க்காரோ, காண்டிராக்டரோ, யாராக இருந்தாலும் சரி. பூட்ஸ் இல்லாத காலைக் காட்டுக்குள் அனுப்பக் கூடாது என்று கண்டிப்பாக விதி வேண்டும். மலைமேல் உள்ள ஆரம்ப சுகாதார நிலையங்களில் விஷமுறிவு மருந்தும், அதைப் போடத் தெரிந்த டாக்டரும் எந்நேரமும் இருக்க வேண்டும். வேலை நடக்கும் இடத்தில் ஒரு வண்டி நிற்க வேண்டும். தினக்கூலி ஆனாலும் இன்சூரன்ஸ் வேண்டும். பாம்பு கடித்தால் கத்தியால் கீறாதே, வாயால் உறிஞ்சாதே, கடிபட்ட காலை அசைக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடு என்று கங்காணி முதல் கடைசிக் கூலி வரை சொல்லிக் கொடுக்க வேண்டும்.

டீக்கடைப் பெரியவரிடம் புறப்படும்போது கேட்டேன்: "உங்களுக்கு எப்பவாவது பூட்ஸ் கொடுத்தாங்களா?"

அவர் சிரித்தார். "கன்னுக்கு முள்வேலி போட்டாங்க சார்!" என்றார்.

இன்று வீடு திரும்பும்போது பஸ் ஜன்னலில் அந்த நீல மலை தெரிந்தால், ஒரு நிமிஷம் பாருங்கள். அங்கே நிற்கும் ஒவ்வொரு கன்றுக்கும் பக்கத்தில் ஒரு ஜோடி வெறுங்கால் நின்றிருக்கிறது!