அடித்தளம் இட்ட ஆசிரியர்

‘எலி வளையானாலும் தனி வளை வேண்டும்’ என்பார்கள். ஏழைக்கு அந்த வளையை அமைத்துத் தருவது எப்படி? சர்க்கார்கள் பல காலமாகத் திணறி வரும் இக்கேள்விக்கு, சிந்திக்கத் தக்க ஒரு விடையை விட்டுச் சென்றிருக்கிறார் கட்டிடக் கலைஞர் ஸ்ரீ பாலகிருஷ்ண தோஷி. 2023 ஜனவரி 24-ந் தேதி, 95 வயதில் அவர் காலமானார்.

1927-ல் புனாவில், மரச்சாமான் தொழில் செய்த குடும்பத்தில் பிறந்தவர் அவர். பம்பாயில் கட்டிடக் கலை பயின்றார். 1951-ல் பாரிஸில், உலகப் பிரசித்தி பெற்ற லெ கார்பூசியேயிடம் சேர்ந்தார். முதல் எட்டு மாதங்களுக்குச் சம்பளமே கிடையாது! பின்னர் தாயகம் திரும்பி, ஆமதாபாத்தில் குருநாதரின் கட்டிடங்களை மேற்பார்வை செய்தார். குருவிடம் கற்ற புதுமையைக் கைவிடவில்லை. நம் நாட்டு வெயிலையும், நிழல் தேடி ஒதுங்கும் நம் ஜனங்களின் வழக்கத்தையும் மறக்கவுமில்லை.

1962-ல் ஆமதாபாத்தில் கட்டிடக் கலைப் பள்ளி ஒன்றை நிறுவினார். கட்டிடத்தையும் அவரே வரைந்தார். ஆசிரியரும் மாணவரும் கூடிப் பேசத் திறந்த வெளிகளை அதில் தாராளமாக விட்டார். கல்வி நான்கு சுவருக்குள் அடங்குவதல்ல என்பது அவர் கொள்கை.

அக்கொள்கையின் கனிதான் இந்தூரில் 1980-களில் உருவான ‘ஆரண்யா’ குடியிருப்பு. சுமார் 80,000 பேருக்கான திட்டம் அது. பரம ஏழைகளுக்கு முழு வீடு கட்டிக் கொடுக்க அவர் முனையவில்லை. மனை, அடித்தளம், கழிப்பறை, குடிநீர், சாக்கடை வசதி ஆகியவற்றைத் தந்தார். மாதிரிக்கு 80 வீடுகளைக் கட்டிக் காட்டினார். மற்றதைக் கையில் காசு சேரச் சேர அவரவரே கட்டிக் கொள்ளலாம். வசதி படைத்தோருக்கு மனை விற்ற லாபம் ஏழைகளின் மனைக்கு உதவிற்று. 1995-ல் ஆகா கான் விருது இதற்குக் கிடைத்தது. 2018-ல் பிரிட்ஸ்கர் பரிசு பெற்ற முதல் இந்தியரும் ஸ்ரீ தோஷியே.

இம்முறையில் குறையே இல்லையென்று சொல்ல மாட்டோம். மனையை விற்றுவிட்டு வேறிடம் போனவர்களும் உண்டு. ஆயினும், ஏழையைக் கையேந்துபவனாக நினைக்காமல், தன் வீட்டைத் தானே ஆக்கிக் கொள்ளும் திறமைசாலியாக மதித்த திட்டம் இது.

ஊருக்கு வெளியே அடுக்கு மாடிகளை எழுப்பி, ‘இத்தனை ஆயிரம் வீடுகள்’ என்று கணக்குக் காட்டுவது எளிது. ஆனால் மகனுக்குக் கல்யாணமானால் ஓர் அறை கூட்டிக் கட்ட அங்கே இடமுண்டா? ஒரு தையல் மிஷினைப் போட்டுப் பிழைக்கத் திண்ணை உண்டா? புது வீட்டைத் திறந்து வைக்கப் போகும் மந்திரிகளும் அதிகாரிகளும், ரிப்பனை வெட்டுமுன் இக்கேள்விகளைத் தம்மைத் தாமே கேட்டுக் கொள்ள வேண்டும். ஸ்ரீ தோஷிக்கு நாம் செலுத்தக் கூடிய உண்மையான அஞ்சலி அதுவே.