ஏலத்தில் விலை வைப்பது யார்?



அமெரிக்காவில் நியூஜெர்சியில் இருக்கும் என் அத்தை பையன் போன மாதம் போன் செய்தான். குரலே சரியில்லை. "டேய், நான் 140 டாலர் கொடுத்து வாங்கின பேஸ்பால் கார்டு இருக்குல்ல, அதே கார்டு, அதே கிரேடு, நேத்து ஏலத்துல 38 டாலருக்குப் போயிடுச்சுடா. நான் ஏமாந்துட்டேனா?" என்று கேட்டான். லீவு நாளில் அக்கம்பக்கத்து வீடுகளில் புல் வெட்டிக் கொடுத்துச் சேர்த்த காசு அது. எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அப்புறம் படித்தேன், விசாரித்தேன், கணக்குப் போட்டும் பார்த்தேன். இப்போது எனக்கு ஒரு கருத்து இருக்கிறது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் அது என்ன கார்டு என்று சொல்லிவிடுகிறேன். நாம் விளையாடும் ட்ரம்ப் கார்டு மாதிரி, ஒரு பக்கம் வீரரின் படம், மறு பக்கம் அவருடைய விவரம். பேஸ்பாலில் மேஜர் லீக் அணிகள் 30. ஒவ்வொன்றுக்கும் கீழே நாலு படிகளில் நாலு அணிகள். 2021 முதல் இந்தக் கீழ் அணிகள் மொத்தம் 120. இதைத்தான் மைனர் லீக் என்கிறார்கள். பதினெட்டு, இருபது வயதுப் பையன்கள் கீழ்ப் படியில் சேர்ந்து ஒவ்வொரு படியாக ஏற வேண்டும். முக்கால்வாசிப் பேர் உச்சிப் படியைத் தொடாமலே வீட்டுக்குப் போகிறார்கள். இந்தச் சின்ன அணிகள் பலவும் தங்கள் வீரர்களின் படங்களை ஒரு செட்டாக அச்சடித்து மைதானத்துக் கடையிலேயே விற்கும். அந்தக் கார்டுகள்தான் மைனர் லீக் கார்டுகள்.

அடுத்தது கிரேடு. பி.எஸ்.ஏ. என்ற நிறுவனம் 1991ல் இந்த வேலையை ஆரம்பித்தது. இன்று வேறு சில நிறுவனங்களும் செய்கின்றன. நாம் கார்டை அனுப்பிப் பணம் கட்டினால், மூலைகள், ஓரங்கள், மேல்பரப்பு, படம் நடுவில் இருக்கிறதா என்று பார்த்து 1 முதல் 10 வரை மார்க் போடுவார்கள். பிறகு கெட்டியான பிளாஸ்டிக் உறையில் வைத்து மூடிவிடுவார்கள். 10 வாங்கினால் சென்டம்!

இங்கேதான் நிறையப் பேர் தப்பாக நினைக்கிறார்கள். மார்க் போட்டாச்சு, அதனால் விலையும் முடிவாகிவிட்டது என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை. மார்க் அட்டைக்குத்தான். வாங்க வருபவரின் மனசுக்கு யாரும் மார்க் போட முடியாது. விலை ஏன் இப்படி ஆடுகிறது என்பதற்கு நான் கண்டுபிடித்த காரணங்கள் மூன்று.

முதல் காரணம், படத்தில் இருக்கும் பையனின் எதிர்காலம். நியூயார்க் யாங்கீஸ் அணி 1991ல் பிரையன் டெய்லர் என்ற பந்து வீச்சாளரை, அந்த ஆண்டு நாட்டிலேயே முதல் ஆளாகத் தேர்ந்தெடுத்தது. பள்ளிக்கூடம் முடித்த கையோடு 15,50,000 டாலர் ஒப்பந்தம். அவருடைய கார்டுகளை எல்லோரும் ஓடி ஓடி வாங்கினார்கள். 1993 டிசம்பரில் ஒரு சண்டையில் அவருடைய தோள்பட்டை போய்விட்டது. மேஜர் லீக்கில் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை.

அதே அணி 1992ல் எடுத்த இன்னொரு பையன் டெரெக் ஜீட்டர். 1993ல் கிரீன்ஸ்பரோ ஹார்னெட்ஸ் என்ற மைனர் லீக் அணியில் ஆடும்போது ஒரே சீசனில் 56 பிழைகள் செய்தார்! அன்றைக்கு அவர் கார்டைக் கையில் வைத்திருந்தவர் என்ன நினைத்திருப்பார்? ஆனால் அவர் 3,465 ஹிட் அடித்து, 2020ல் 397 ஓட்டில் 396 ஓட்டு வாங்கி பேஸ்பால் ஹால் ஆஃப் ஃபேமுக்குத் தேர்வானார். 1993ன் நடுவில் இந்த இரண்டு பேர் கார்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்திருந்தால், நீங்களும் நானும் டெய்லரைத்தான் எடுத்திருப்போம். உண்மையைச் சொல்லணும் இல்லையா?

இரண்டாவது காரணம், எண்ணிக்கை. எந்தக் கார்டுக்கு எந்த கிரேடு எத்தனை கொடுத்தோம் என்று கிரேடு போடும் நிறுவனங்கள் கணக்கு வெளியிடுகின்றன. அதில் "10 வாங்கியது 1" என்று இருந்தால் உலகத்திலேயே ஒன்றுதான் இருக்கிறது என்று ஆசை வந்துவிடும். உண்மையில், அனுப்பியவர் ஒருவர் என்பதுதான் அதற்கு அர்த்தம். மலிவான மைனர் லீக் கார்டுக்கு யார் பணம் கட்டி கிரேடு போடுவார்கள்? ஆனால் அந்த ஒன்று நல்ல விலைக்குப் போனது என்று தெரிந்ததும், பரண் மேல் செட் வைத்திருக்கும் ஆட்கள் எல்லோரும் கார்டை இறக்கி அனுப்புவார்கள். ஒன்று அஞ்சாகும், அஞ்சு பத்தாகும். விலை ஏறியதே விலை இறங்கக் காரணமாகிவிடும்.

மூன்றாவது காரணம்தான் முக்கியமானது. என் அத்தை பையனுக்கு நான் காகிதத்தில் எழுதிக் காட்டியதும் இதுதான். ஏலத்தில் விலை வைப்பது ஜெயித்தவர் இல்லை, தோற்றவர்! அதுவும் கடைசி வரை கூட வந்து தோற்ற இரண்டாவது ஆள். ஒரு உதாரணம் பார்ப்போம். அந்தக் கார்டு மேல் மூன்று பேருக்குத்தான் ஆசை என்று வைத்துக்கொள்ளுங்கள். என் அத்தை பையன் 150 டாலர் வரை போவான். இரண்டாவது ஆள் 138 வரை. மூன்றாவது ஆள் 37 வரை. மூன்றாமவர் 37ல் நின்றுவிடுவார். இரண்டாமவர் 138ல் நிற்பார். அதற்கு மேல் ஒரு படி, சுமார் 140ல் இவனுக்குக் கார்டு கிடைக்கும்.

மூன்று மாதம் கழித்து அதே கார்டு இன்னொன்று வருகிறது. இவனிடம் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது, கேட்க மாட்டான். மிச்சம் 138 ஆளும் 37 ஆளும். 37 ஆள் நின்றவுடன் 38க்கு ஏலம் முடிந்துவிட்டது. வாங்கியவர் 138 வரை கொடுக்கத் தயாராக இருந்தவர். ஆனால் அவரைக் கேட்க வைக்க ஆள் இல்லை.

கார்டு மாறவில்லை. கிரேடு மாறவில்லை. படத்தில் இருக்கும் வீரரும் மாறவில்லை. ஒரே ஒரு ஆள் குறைந்தார். அந்த ஆள் யார்? என் அத்தை பையனேதான்! கடைசியாகப் போன விலை என்று நாம் பார்க்கும் எண், பல சமயம் வாங்கி முடித்து வீட்டுக்குப் போய்விட்டவரை வைத்து வந்த விலை. அடுத்த ஏலத்தில் அவர் இருக்க மாட்டார். ஆயிரம் பேர் தேடும் கார்டு என்றால் ஒருவர் போனால் இன்னொருவர் வருவார். மூன்று பேர் மட்டுமே தேடும் மைனர் லீக் கார்டில் அந்த ஒருவர்தான் எல்லாமே.

இது சின்னக் கார்டுக்கு மட்டும்தானே என்று கேட்கலாம். பெரிய கார்டையும் பாருங்கள். 1914ல் பேப் ரூத் 19 வயதுப் பையனாக பால்டிமோர் ஓரியோல்ஸ் என்ற மைனர் லீக் அணியில் ஆடினார். அப்போது பால்டிமோர் நியூஸ் பத்திரிகை வெளியிட்ட அவருடைய கார்டு, தெரிந்த வரை சுமார் பத்துதான் இருக்கிறது. அதில் ஒன்று, 10க்கு 3 கிரேடு வாங்கியது, 2023 டிசம்பரில் 72 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. ஆனால் 1952ல் டாப்ஸ் கம்பெனி வெளியிட்ட மிக்கி மேன்டில் கார்டு ஆயிரத்துக்கும் மேல் கிரேடு செய்யப்பட்டிருக்கிறது. அதில் 9.5 கிரேடு வாங்கிய ஒன்று 2022 ஆகஸ்டில் 1 கோடியே 26 லட்சம் டாலருக்குப் போனது. அரிதாக இருப்பது மட்டும் விலை இல்லை, கிரேடு மட்டும் விலை இல்லை, புகழ் மட்டும் விலை இல்லை என்பது இதிலிருந்து தெரிகிறதல்லவா?

"அப்படிச் சொல்லாதே, கார்டு வாங்கிப் பணக்காரர் ஆனவங்க இருக்காங்களே!" என்று சிலர் சொல்லலாம். இருக்கிறார்கள். ஆனால் ஜெயித்த கதை வெளியே வரும். டெய்லர் கார்டைப் பெட்டி பெட்டியாக வாங்கி வைத்தவர் கதையை யார் சொல்வார்? அதோடு கிரேடு போடும் கட்டணம், தபால் செலவு, விற்கும்போது ஏலக் கமிஷன் எல்லாம் கழித்துத்தான் லாபம் பார்க்க வேண்டும்.

இன்னொன்றும் என் மனசை உறுத்துகிறது. மைனர் லீக்கின் கீழ்ப் படிகளில் ஒன்றான சிங்கிள்-ஏ ஆடும் வீரருக்கு 2022ல் குறைந்தபட்ச சம்பளம் வருடத்துக்கு 11,000 டாலர்தான். 2023ல் முதல் தொழிற்சங்க ஒப்பந்தம் வந்த பிறகு அது 26,200 டாலர் ஆனது. அவருடைய பழைய கார்டு ஏலத்தில் 38க்குப் போனாலும் 38,000க்குப் போனாலும் அந்தப் பணத்தில் அவருக்கு ஒரு காசு வராது. ஆனால் அவர் முழங்கை வலிக்கிறது என்று உட்கார்ந்தால், "ஐயோ பாவம்" என்பதற்கு முன்னால் "என் கார்டு விலை போச்சே" என்கிறோம். ஒரு பையனின் கையையும் காலையும் பங்கு மார்க்கெட் மாதிரி பார்ப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

கார்டு சேர்க்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை. சேர்ப்பது நல்ல பொழுதுபோக்கு. ஆனால் அதை முதலீடு என்று சொல்லி அம்மா அப்பாவிடம் காசு கேட்காதீர்கள். திரும்பி வராவிட்டாலும் வருத்தப்படாத காசில் வாங்குங்கள். ஒரே ஒரு ஏல விலையை நம்பாமல் பத்து ஏலத்தைப் பாருங்கள். பத்து ஏலம் நடக்கவே இல்லை என்றால் அந்தக் கார்டுக்கு விலை என்று ஒன்று இன்னும் உருவாகவில்லை என்று புரிந்துகொள்ளுங்கள்.

நான் எல்லாவற்றையும் சொல்லி முடித்ததும் என் அத்தை பையன் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "சரிடா, நான் விற்கலை. எனக்கு அந்த ஆளைப் பிடிச்சுத்தானே வாங்கினேன்" என்றான். இப்போது கார்டு அவன் படிக்கும் மேஜை மேல் இருக்கிறது. விலையைப் பார்ப்பதை விட்டுவிட்டான். அந்த வீரர் நேற்று எப்படி ஆடினார் என்று மட்டும் தினமும் காலையில் பார்க்கிறானாம்.

நண்பர்களே, இது என் கருத்து. உங்களுக்கு வேறு கருத்து இருந்தால் அடுத்த இதழில் எழுதுங்கள். படிக்கக் காத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவன்