உடல்நலப் பக்கம்: தனி அறை தந்தால் மனம் நோகாதீர்கள்

ஊரிலோ இந்தியாவிலோ வைத்தியசாலையில் தங்கிவிட்டு வந்தவர்கள், இங்கு நோர்வேயில் வைத்தியசாலையில் சேரும்போது சற்றுத் திகைத்துப் போகிறார்கள். தாதி பஞ்சுக்குச்சியால் மூக்கிலும் தொண்டையிலும் தொடையிடுக்கிலும், புண் இருந்தால் அதிலும் தடவி எடுப்பார். முடிவு வரும்வரை தனி அறை. உள்ளே வருபவர்கள் மேலங்கி, கையுறை, முகமூடியுடன் வருவார்கள்.

"அகதிகள் என்றபடியால்தான் ஒதுக்குகிறார்கள்" என்று நம்மவர் சிலர் மனம் நோவதுண்டு. அப்படியல்ல. கடந்த 12 மாதங்களில் நோர்டிக் நாடுகளுக்கு வெளியே வைத்தியசாலையில் இருந்து வந்த நோர்வேக்காரருக்கும் இதே சோதனைதான். முகாமில் இருந்தீர்களா என்றும் கேட்பார்கள். பலர் நெருக்கமாக வாழும் இடங்களில் கிருமி இலகுவாகப் பரவும் என்பதே காரணம்.

அவர்கள் தேடுவது எம்.ஆர்.எஸ்.ஏ. என்ற கிருமியை. இது ஸ்ரபிலோகொக்கஸ் இனத்தைச் சேர்ந்தது. சாதாரண ஸ்ரபிலோகொக்கஸ் ஏறக்குறைய மூவரில் ஒருவரின் மூக்கில் தீங்கின்றி இருக்கும். சத்திரசிகிச்சைப் புண் வழியாக இரத்தத்தில் கலந்தால் ஆபத்து. பென்சிலினுக்கு அடங்காத கிருமிகளுக்காக 1959 இல் மெதிசிலின் வந்தது. 1961 இலேயே அதற்கும் அடங்காத கிருமி இங்கிலாந்தில் அறியப்பட்டது. மருந்து பலவீனமான கிருமிகளைக் கொல்ல, தாக்குப்பிடித்தவை பெருகுகின்றன. புண்ணுள்ள நோயாளர்களும் அன்ரிபயோட்டிக் பாவனையும் மிகுந்த வைத்தியசாலையில், அவை கையிலிருந்து கைக்குப் பரவுகின்றன.

கிருமி இருப்பதாகத் தெரிந்தால் பயப்பட வேண்டாம். உடலில் கிருமி இருப்பது வேறு, நோய் வேறு. மூக்குக்குப் பூசும் மருந்தாலும் கிருமிநாசினிக் குளிப்பாலும் பலருக்கு இது நீங்கிவிடும். நோய் வந்தாலும் வேறு மருந்துகள் உண்டு. வீட்டில் பிள்ளையைத் தூக்கலாம், சேர்ந்து உண்ணலாம்.

நாம் செய்யவேண்டியவை:

1. எங்கே, எப்போது வைத்தியசாலையில் இருந்தீர்கள் என்பதை மறைக்காதீர்கள். மறைத்தால் பாதிக்கப்படுவது பக்கத்துக் கட்டிலில் உள்ள நோயாளியோ குறைமாதக் குழந்தையோ ஆகலாம்.

2. நோயாளியைப் பார்க்கப் போகும்போது உள்ளே போகுமுன்னும் வந்தபின்னும் கை கழுவுங்கள். கட்டிலில் உட்காராதீர்கள்.

3. தடிமனுக்கு அன்ரிபயோட்டிக் கேட்காதீர்கள். அது வைரசால் வருவது. இம்மருந்து அதற்குப் பயன்படாது. ஊரிலிருந்து வந்த குளிசைகளையோ மிஞ்சியவற்றையோ நீங்களாக விழுங்கவோ பிறருக்குக் கொடுக்கவோ வேண்டாம். மிஞ்சியதை மருந்தகத்தில் கையளியுங்கள். வைத்தியர் சொன்ன அளவில், சொன்ன நாள்வரை எடுங்கள்.

4. விளங்காவிட்டால் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். 2022 இல் நடைமுறைக்கு வந்த சட்டம் இதற்கு உதவும். பிள்ளைகளை மொழிபெயர்க்க வைக்க வேண்டாம். அதனை அச்சட்டமும் அனுமதிப்பதில்லை.

தனி அறையில் இருக்கும்போதும் உங்கள் சிகிச்சை குறையாது. ஏதாவது தேவையென்றால் மணியை அழுத்திக் கேளுங்கள்.