லான் பௌல்ஸ் ஆட்டக்காரர்களுக்கான கோரிக்கைச் சாசனம்

இளைஞர், விளையாட்டுத்துறை அமைச்சுக்கும் தேசிய விளையாட்டு மன்றத்துக்கும் பிரிக்பீல்ட்ஸ், கிள்ளான் வட்டாரப் பெற்றோரும் விளையாட்டு ஆர்வலர்களும் முன்வைப்பது:

1998 காமன்வெல்த் போட்டியின் லான் பௌல்ஸ் ஆட்டங்கள் புக்கிட் கியாராவில் நடந்தன. எட்டே ஆண்டில், மெல்பர்னில், மலேசியாவின் சித்தி ஸலினா அஹ்மாட் பெண்கள் ஒற்றையர் தங்கம் வென்றார். 2018இல் கோல்ட் கோஸ்டில் எம்மா ஃபிர்யானாவுடன் இரட்டையர் தங்கம் வென்றவரும் அவரேதான். பன்னிரண்டு ஆண்டு தாக்குப்பிடித்த ஆட்டக்காரர். அப்படிப்பட்டவர் ஓய்வுபெறும்போது கையில் என்ன இருக்கும் என்பதே எங்கள் கேள்வி.

ஒலிம்பிக் தங்கத்துக்கு அரசு 10 லட்சம் ரிங்கிட்டும் மாதம் 5,000 ரிங்கிட்டும் தருகிறது. தரட்டும். லான் பௌல்ஸ் ஒலிம்பிக்கிலும் இல்லை, ஆசிய விளையாட்டிலும் இல்லை. இவர்கள் உலகையே வென்றாலும் அந்த வாசல் திறக்காது. ஆகவே காமன்வெல்த், உலக வெற்றியாளர் தங்கங்களுக்கும் மாதத் தொகை வேண்டும். தேசியப் பயிற்சியில் இருக்கும் காலம் முழுவதற்கும் ஊழியர் சேமநிதிச் சந்தா கட்டப்பட வேண்டும். இதில் நாங்கள் இறங்கிவர மாட்டோம்.

2022 பர்மிங்காமில் தங்கம் வென்ற இந்தியப் பெண்கள் நால்வர் அணியில் லவ்லி சௌபே காவல்துறைக்காரர், பிங்கி பள்ளி ஆசிரியை. வேலையும் ஆட்டமும் ஒன்றாக ஓடும் என்பதற்கு இதற்குமேல் சான்று வேண்டாம். அரசுத் துறைகளிலும் அரசு சார்ந்த நிறுவனங்களிலும் போட்டிக்காலச் சம்பள விடுப்புடன் வேலை கொடுங்கள்.

அடுத்தது பிள்ளைகள். பௌலிங் என்றாலே பேரங்காடியில் பத்துக் கட்டைகளைச் சாய்ப்பது என்றுதான் அவர்கள் நினைக்கிறார்கள். இது வேறு. ஒருபக்கம் சாயும்படி செய்த உருண்டை, வேகம் குறையக் குறைய வளைந்து, ஜேக் எனும் சிறு வெள்ளைப் பந்தை ஒட்டிப்போய் நிற்க வேண்டும். உயரமும் ஓட்டமும் தேவையில்லை. கையில் பதமும் தலையில் கணக்கும் போதும். தமிழ்ப்பள்ளிகளின் புறப்பாட நடவடிக்கையில் இதைச் சேருங்கள். சிறு கைக்கு ஏற்ற அளவில் உருண்டைகளும் தாருங்கள். கிள்ளானிலிருந்து புக்கிட் கியாராவுக்குப் பிள்ளையைக் கூட்டிப்போய் வர, பெற்றோரில் ஒருவர் அன்றைய ஓவர்டைமை விட வேண்டியிருக்கிறது. வார இறுதிகளில் பள்ளிப் பேருந்து ஏற்பாடு செய்யுங்கள். கிள்ளானிலேயே ஒரு பயிற்சித் தளம் அமையுங்கள்.

செலவைக் காரணம் காட்டுவோருக்கு: 2026 கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டிப் பட்டியலில் பூப்பந்து இல்லை, ஹாக்கி இல்லை. லான் பௌல்ஸ் இருக்கிறது, அதுவும் உள்ளரங்கத்தில். உள்ளரங்க விரிப்பில் உருண்டை ஓடும் விதமே வேறு. அதற்கான பயிற்சிக்கூடத்துக்கு வரும் வரவுசெலவுத் திட்டத்திலேயே நிதி ஒதுக்கப்பட வேண்டும்.