பொது நிலம் எவருடையது?

பொது நிலந்தானே, எவர் மேய்த்தால் என்ன, எவர் வெட்டினால் என்ன என்று கேட்போர் நம்மிடையே பெருகி வருகின்றனர். நீரும் புல்லும் நெருப்பும் அனைவர்க்கும் பொது என்ற கருத்தில் வந்துள்ள நபிமொழியையும் இவர்கள் தமக்குத் துணையாக இழுத்துக்கொள்கின்றனர். பொது என்றால் கேட்பாரற்றது என்று பொருள் கொள்ளும் இவ்வாதத்தை நாம் வன்மையாக மறுக்கின்றோம்.

அறியாமைக் காலத்து அரபகத்தில், வலிய தலைவன் ஒருவன் மேட்டில் நின்று தன் நாயைக் குரைக்கச் செய்வான். அவ்வொலி எட்டும் எல்லை வரையுள்ள மேய்ச்சல் நிலம் அவனுடைய 'ஹிமா', அதாவது காப்பு நிலம் ஆகிவிடும். அங்கே பிறர் மந்தை நுழையலாகாது. அவன் மந்தையோ பிறர் நிலத்திலும் மேயும். இக்கொடுமையையே அண்ணல் நபி (ஸல்) அவர்கள் ஒழித்தார்கள். அவர்களே மதீனாவை அடுத்த நகீஃ என்னும் நிலத்தை முஸ்லிம்களின் குதிரைகளுக்கெனக் காத்தும் வைத்தார்கள். ஒழிந்தது தனியொருவன் ஆதிக்கமே; கட்டுப்பாடு அன்று.

ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்கள் தம் ஹிமாவுக்குக் காவலராக ஹுனை என்பவரை நியமித்தபோது இட்ட கட்டளை புகாரியில் பதிவாகியுள்ளது. சில ஒட்டகங்களும் சில ஆடுகளுமே உடைய ஏழையை உள்ளே விடுக. உஸ்மான், அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) ஆகியோரின் மந்தைகளைத் தவிர்த்துக்கொள்க என்பதே அதன் சாரம். மந்தை மடிந்தால் அவ்விருவர்க்கும் பேரீச்சந் தோட்டமும் வயலும் உண்டு. ஏழையோ பிள்ளைகளுடன் கலீபாவின் வாயிலில் வந்து நிற்பான். நண்பர்களேயாயினும் செல்வரைப் பெயர் சொல்லித் தடுத்த நீதி இது!

பிற்காலத்தில் அரபு மலைநாட்டுக் குலங்கள் இம்முறையைத் தத்தம் ஊர் வழக்காக வளர்த்தன. சில ஹிமாக்களில் மேய்ச்சல் அறவே கூடாது. வறட்சியில் புல்லைக் கையால் அறுத்துச் செல்லலாம். சிலவற்றில் குறித்த பருவத்தில் மட்டும் மேய்க்கலாம். சில தேனீ வளர்ப்புக்கென்றே காக்கப்பட்டன. 1950-களில் ஸஊதி அரசு இக்காப்பை நீக்கி, மேய்ச்சலை எல்லோர்க்கும் திறந்துவிட்டது. விளைந்தது சமத்துவமா? லாரியில் நீரும் மந்தையும் ஏற்றிச் செல்ல வல்லவர் முந்திக்கொண்டனர், நிலம் மொட்டையாயிற்று. அதே ஹிமாவை 2004 முதல் லெபனானில் சிற்றூர் நகராட்சிகள் மீண்டும் உயிர்ப்பித்து வருகின்றன.

நம்மூர் மேய்ச்சல் புறம்போக்குக்கும் நேர்ந்தது இதுவே. கிராமப் பொது நிலங்களின் ஆக்கிரமிப்பை அகற்றத் திட்டம் வகுக்குமாறு உச்ச நீதிமன்றம் 2011-இல் மாநிலங்களைப் பணித்தது. ஆயினும் வேலி போட்டவர் ஊர்ப் பெரியவர் என்றால் தீர்ப்பைப் படித்துக்காட்ட அஞ்சுகிறோமே!

ஜமாஅத் பெரியோர்களே! உங்கள் ஊராட்சி பொது நிலத்துக்கு விதி வகுக்க முற்படுமாயின் முதலில் துணை நில்லுங்கள். அவ்விதி வசதி படைத்தவரைத் தடுக்கின்றதா, ஆட்டுக்காரக் கைம்பெண்ணை உள்ளே விடுகின்றதா என்று மட்டும் பாருங்கள். உமர் (ரலி) அவர்களின் உரைகல் அதுவே.