ஒரு பாவு தீருமுன் மறு பாவு

முதுமையிலும் கைம்மையிலும் நம் அங்கத்தினர்க்கு அரசாங்கம் அளிக்கும் உதவிகள் இன்று பலவாகப் பெருகியுள்ளன. இது மகிழ்ச்சிக்குரியதே. 1962-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் தேதியன்று சென்னை ராஜ்யத்தில் முதியோர் ஓய்வூதியம் தொடங்கப்பட்டபோது அதன் அளவு மாதம் 20 ரூபாய். ஆதரவற்ற கைம்பெண்களுக்கான ஓய்வூதியம் 1975-இல் வந்தது. 2023-இல் இவ்விரண்டும் மாதம் 1,200 ரூபாயாக உயர்த்தப்பட்டன. அதே ஆண்டு செப்டம்பர் 15-ஆம் தேதி, குடும்பத் தலைவியர்க்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் கலைஞர் மகளிர் உரிமைத் திட்டம் தொடங்கிற்று. ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெண்கள் அதில் சேர்க்கப்பட்டனர்.

ஆயினும், ஓர் உதவியை விட்டு மற்றோர் உதவிக்கு மாறும் வேளையில் ஏழைக்கு நேரும் நஷ்டத்தைப் பற்றிப் பேசுவார் அரியர். அதனையே இங்கு எடுத்துரைக்க விழைகிறோம்.

அனந்தபுரத்தில் கணவனுக்குத் தார் சுற்றிக் கொடுத்து வாழ்ந்த ஒரு பெண்ணை எண்ணிப் பார்ப்போம். உரிமைத் தொகையாக மாதம் 1,000 ரூபாய் அவள் கணக்கில் ஏறி வந்தது. கணவன் காலமாகிறான். தறி நின்று விடுகிறது. கூலியும் நின்று விடுகிறது. கைம்பெண் ஓய்வூதியத்திற்கு அவள் உரியவள் ஆகிறாள். ஆனால், அவ்வோய்வூதியம் பெறுவோர்க்கு உரிமைத் தொகை இல்லை என்பது 2023-இல் வகுக்கப்பட்ட விதி. ஒருவருக்கே இரண்டு தொகை வேண்டாம் என்னும் அந்த நியாயத்தை நாம் மறுக்கவில்லை.

துன்பம் இடைவெளியிலே உள்ளது. புதிய ஓய்வூதியம் கேட்ட மாத்திரத்தில் வருவதன்று. இறப்புச் சான்று வேண்டும். கிராம நிர்வாக அலுவலர் விசாரிக்க வேண்டும். வருவாய் ஆய்வாளர் பரிந்துரைக்க வேண்டும். வட்டாட்சியர் ஆணை பிறக்க வேண்டும். ஆதாரும் வங்கிக் கணக்கும் ஒத்திருக்க வேண்டும். பழைய தொகை நின்று, புதிய தொகை வர நான்கு மாதம் ஆயிற்று என்று கொள்வோம். அவள் இழப்பது 4,000 ரூபாய். புதிய தொகையில் அவளுக்குக் கூடுதலாகக் கிடைப்பதோ மாதம் 200 ரூபாய் மட்டுமே. அந்த 4,000 ரூபாயை ஈடு செய்ய 20 மாதங்கள் செல்லும்! இடையில் வட்டிக்கு வாங்கினால் கணக்கு இன்னும் நீளும். உயர்வு என்று ஏட்டில் எழுதப்படுவது, உண்மையில் ஒன்றரை ஆண்டுக்கும் மேற்பட்ட நஷ்டமாக முடிகிறது.

வேறொரு மாற்றமும் உண்டு. மத்திய அரசாங்கத்தின் கைம்பெண் ஓய்வூதியத் திட்டம் 79 வயது வரைக்குமே உரியது. 80 நிறைந்தவர் முதியோர் ஓய்வூதியக் கணக்கிற்கு மாற்றப்படுகிறார். மத்திய அரசின் பங்கும் 300 ரூபாயிலிருந்து 500 ரூபாய் ஆகிறது. இது கணக்குத் தலைப்பில் நிகழும் மாறுதல். இதற்காக 80 வயது மூதாட்டி படியேறி நிற்க வேண்டும் என்றால் அது தருமமாகாது.

இக்குறை நம் நாட்டிற்கு மட்டும் உரியதன்று. பிரிட்டனில் பல உதவிகளை ஒன்றாக்கி ஒருங்கிணைந்த உதவித் தொகை ஒன்றை ஏற்படுத்தியபோது, முதல் தொகை கைக்கு வரச் சுமார் ஐந்து வாரம் காத்திருக்க நேர்ந்தது. மக்கள் கடனிலும் வாடகைப் பாக்கியிலும் வீழ்ந்தனர். அதன் பின்னர், 2018 முதல் பழைய வீட்டு வாடகை உதவியையும், 2020 ஜூலை முதல் வேறு சில பழைய உதவிகளையும், மாறிய பின்னரும் இரண்டு வாரம் தொடர்ந்து கொடுக்க அங்கே ஏற்பாடு செய்தனர். இரண்டு வாரம் போதாது என்பது வேறு விஷயம். ஆனால் இடைவெளியை அடைப்பது அரசின் கடமை என்னும் கொள்கை ஏற்கப்பட்டது.

நெசவாளர்க்கு இதனை விளக்க வேண்டியதில்லை. பழைய பாவு முடியும் தறுவாயில், அதன் இழைகளோடு புதுப் பாவின் இழைகளை ஒவ்வொன்றாகப் பிணைத்த பின்னரே நாம் தறியை மேலே ஓட்டுகிறோம். உழவரும் அப்படியே, நடவுக்கு வயல் சேறாகிக் காத்திருக்கும்போதுதான் நாற்றைப் பறிக்கிறார். பறித்துப் போட்டுவிட்டு ஏர் தேடுவார் உண்டோ?

ஆதலின் நாம் கோருவன மூன்று. புதிய தொகை கணக்கில் ஏறும் வரை பழைய தொகை நிற்றலாகாது. தகுதி உறுதியானால் விண்ணப்பித்த நாள் முதலே கணக்கிட்டு, பெற்ற பழைய தொகையைக் கழித்து மிச்சத்தைத் தர வேண்டும். இதனால் இரட்டைச் செலவு என்னும் அச்சமும் நீங்கும். வயதினால் நிகழும் மாற்றங்கள் அலுவலகத்திலேயே தாமாக நிகழ வேண்டும். இவை ஆகாதன அல்ல. 2023 ஆகஸ்டிலேயே உரிமைத் திட்டத்தின் விதி தளர்த்தப்பட்டு, முதியோர் ஓய்வூதியம் பெறுவோர் உள்ள வீட்டின் மற்றப் பெண்களும் விண்ணப்பிக்கலாம் என்றாயிற்று. விதி கல்லில் எழுத்தன்று.

சர்க்கார் செய்யும் வரை சங்கம் வாளா இருக்கலாமா? அறுபது வயதை நெருங்கும் அங்கத்தினர் யார் யார் என்பது நம் பதிவேட்டிலேயே உள்ளது. ஆறு மாதம் முன்னரே அவர்களுடைய தஸ்தாவேஜுகளைச் சேகரித்துச் செம்மை செய்து வைக்கலாம். குடும்பத் தலைவனை இழந்த வீட்டிற்கு மறு வாரமே சங்கத்தார் ஒருவர் சென்று விண்ணப்பம் எழுதித் தரலாம். இடைக்காலத்திற்கு வட்டியில்லாச் சிறு கடன் கொடுக்கலாம். அங்கத்தினர்களும் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும்: எதையும் மறைத்து இரண்டும் பெற முயலுதல் கூடாது, அவ்வாறே, புதிய ஆணை கைக்கு வருமுன் பழையதை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தலும் கூடாது.

ஒருவர் இழை அறுந்தால் மற்றவர் முடிந்து கொடுப்பதே கூட்டுறவு. அடுத்த பொதுக்குழுவில் இதனைத் தீர்மானமாகக் கொண்டு வருமாறு அங்கத்தினர்களை வேண்டுகிறோம்.