லாரியில் ஆளும் சரக்கும்

ஊழியர்களை லாரியின் பின்பகுதியில் ஏற்றலாமா என்ற விவாதம் சிங்கப்பூரில் அடிக்கடி எழுகிறது. 2021 ஏப்ரல் 20ஆம் தேதி தீவு விரைவுச்சாலையில், நின்றிருந்த டிப்பர் லாரிமீது ஊழியர்களுடன் சென்ற லாரி மோதி இருவர் மாண்டனர். 2023 ஜனவரி முதல், ஓட்டுநர் கண்ணயராமல் பார்த்துக்கொள்ள உடன் ஒருவர் இருப்பது கட்டாயமானது.

எனக்கு உறுத்துவது, ஊழியர்களோடு சேர்ந்து பயணம் செய்யும் சரக்கு. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் லாரி மோதி நின்றாலும், கட்டாத சிமெண்ட் மூட்டை நிற்காது. அதே வேகத்தில் முன்னே பாயும். மூன்று மாடி உயரத்திலிருந்து, அதாவது சுமார் 10 மீட்டரிலிருந்து, அது தலையில் விழுவதற்குச் சமம். (இயற்பியல் மாணவர்கள் கணக்குப் போட்டுப் பாருங்கள், மூட்டையின் எடை எதுவானாலும் உயரம் மாறாது.)

கட்டினால் போதுமா? முன்பக்கம் சரக்கின் முழு எடைக்கு ஈடான விசையைக் கட்டு தாங்கவேண்டும் என்கிறது பிரிட்டனின் வழிகாட்டி. திடீர் பிரேக்குக்கு அது சரி. அரை மீட்டருக்குள் லாரி நின்றுபோகும் மோதலிலோ, விசை எடையைப்போல் ஏறக்குறைய 20 மடங்கு. நைலான் கயிறு எம்மாத்திரம்?

ஆகவே ஆளும் ஜெனரேட்டரும் ஒன்றாகப் போகவே கூடாது என்பேன். இன்னொரு நடைக்கு டீசலும் நேரமும் செலவாகும் என்பார்கள் முதலாளிகள். அதைக் குத்தகைத் தொகையிலேயே சேர்த்துக் கேட்கலாமே.